வீட்டுக் காவல் துப்பாக்கியும் அதன் கட்டை நீளமும்

தகப்பனார் வைத்திருந்த துப்பாக்கி மகனுக்கோ மகளுக்கோ வந்து சேருங்கால், குடும்பத்தார் முதலில் உரிமத்தைப் பற்றி விசாரிக்கின்றனர். பிறகு குழலில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்கின்றனர். தோட்டா எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டறிகின்றனர். அதன் மரக்கட்டை தமது சரீரத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. மண்வெட்டிக்குக் காம்பு போடும்போது, அதைப் பிடிப்பவர் உயரத்தைப் பார்த்தே ஆசாரி காம்பைத் தறிக்கிறார். ஒருவர் காலுக்குத் தைத்த செருப்பை அணிந்து மற்றொருவர் நாலு மைல் நடக்கத் துணிவதில்லை. இவற்றில் நாம் காட்டும் விவேகத்தை, தவறினால் உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய ஒரு கருவியின் விஷயத்தில் காட்டாமல் விடுவது விந்தையே.

இது முன்னைக்காட்டிலும் இப்போது அதிகமாகக் கவனிக்கத்தக்க விஷயமாகும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் இறந்தபின் அவருடைய சட்டபூர்வமான வாரிசு அத்துப்பாக்கிக்கு உரிமம் கோரலாம். உரிமதாரர் உயிரோடிருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிரம்பினாலும், அல்லது அவர் அத்துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலும், இவ்விரண்டில் எது முந்தி நேர்கிறதோ அது முதல், தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் வழங்குமாறு கேட்கலாம். மேலும், 2019-ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஆகவே எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க வேண்டிய குடும்பங்களும் உண்டு. ஐந்தே முக்கால் அடி உயரமும் அகன்ற மார்பும் உடைய தகப்பனாருக்கென்று வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, ஐந்தடி உயரமுள்ள மகளின் கைக்கு வருவது அபூர்வமன்று. சட்டப்படி அது அவருடையதாகிவிடும். உடம்புப்படி அது இன்னும் தகப்பனாருடையதாகவே இருக்கும்.

அளவு எது?

கட்டை நீளம் என்று நாம் இங்கே சொல்வது கட்டை மரத்தின் முழு நீளத்தையன்று. விசையின் முன்பக்கத்து வளைவிலிருந்து, தோளில் பதியும் அடிப்பாகத்தின் நடுப்புள்ளி வரையில் நேராக அளந்த தூரமே அது. இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு விசைகள் இருப்பின், முன்விசையிலிருந்து அளக்க வேண்டும். பின்விசையிலிருந்து அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவாக வரும். இந்தத் தவற்றினால் பொருத்தமான துப்பாக்கியைப் பொருந்தாததென்று தள்ளிவிட்டவர்களும் உண்டு. தையற்காரரின் அளவு நாடா இதற்குப் போதும். இத்தொழிலில் இன்றளவும் அங்குலக் கணக்கே வழங்கிவருவதால் இங்கும் அங்குலத்திலேயே சொல்லுகிறோம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர்.

ஐரோப்பியர் தேகத்தை உத்தேசித்துச் செய்யப்பட்ட பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் இந்நீளம் பெரும்பாலும் 14½ அங்குலத்தை ஒட்டியிருக்கும். அதற்கு மேற்பட்டதும் உண்டு. அந்நாட்டில் வசதியுள்ளோர் துப்பாக்கி வாங்கப் போனால், தொழிலாளர் அவர்களைக் கடையில் நிறுத்தி, நீட்டவும் குறுக்கவும் கூடிய கட்டையுடைய மாதிரித் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்துத் தோளில் வைக்கச் சொல்லி, சட்டைக்கு அளவெடுப்பதைப்போல அளவெடுத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு அளவெடுத்துச் செய்த துப்பாக்கி ஒன்று கை மாறி, ஏலத்தில் விலைபோய், நம்மூர்ப் பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அது யாரோ ஒரு துரையின் அளவாகவே இருக்கும். நம் நாட்டு ஆடவரின் சராசரி உயரம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர். பெண்டிரின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டரை ஒட்டியது. துரையின் அளவு இவர்களுள் பெரும்பாலோருக்கு நீளமே.

முழங்கை மடிப்பில் வைத்துப் பார்க்கும் வழக்கம்

கடைகளிலும் வீடுகளிலும் ஒரு சோதனை வழங்கிவருகிறது. கையை முழங்கையில் மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் பதித்து, சுட்டுவிரலின் நுனி விசையை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எட்டினால் "அளவு சரி" என்பார்கள். இது முழுவதும் பொய்யென்று சொல்வதற்கில்லை; ஆனால் இது அளப்பது முன்கையின் நீளத்தை மாத்திரமே. துப்பாக்கியை நாம் முழங்கையில் வைத்துச் சுடுவதில்லை. தோளில் வைத்துச் சுடுகிறோம். தோளில் வைக்கும்போது கழுத்தின் நீளம், தோளின் அகலம், மார்பின் பருமன், கன்னத்தின் சதை, நிற்கும் நிலை ஆகிய யாவும் கணக்கில் சேருகின்றன. கை நீண்டு கழுத்து குட்டையாக இருப்பவருக்கு இச்சோதனை ஓர் அங்குலம் அதிகமாகக் காட்டும். பருத்த மார்புடையவருக்கும் அவ்வாறே. நம் வயல்களில் வேலை செய்வோரில் நீண்ட கையும் மெலிந்த தோளும் உடையவர் அநேகர். அவர்களுக்கு முழங்கைக் கணக்கு நிச்சயமாக ஏமாற்றும்.

சரியான சோதனை வேறு. அதைத் தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதை எந்தக் காரணத்தை முன்னிட்டும் விடலாகாது. துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழல்களும் காலியாயிருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். குழலின் வாய், ஆள் நடமாட்டமில்லாத கெட்டிச் சுவரை நோக்கியிருக்க வேண்டும். சோதனை முடியும் வரையில் விரல் விசைக்குள் போகாமல் விசைக்காப்பின் வெளியே நீண்டிருக்க வேண்டும். விசையைத் தொட்டுப் பார்ப்பது ஒரு முறை, கடைசியில் மட்டும்.

இனி, இரவில் படுக்கையிலிருந்து எழும்போது என்ன உடை உடுத்தியிருப்பீர்களோ அதையே உடுத்திக்கொள்ளுங்கள். நம்மூரில் அது பெரும்பாலும் ஒரு பனியனாகவோ ரவிக்கையாகவோ இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வசிப்போர் கம்பளிச் சட்டை போட்டுப் பார்க்க வேண்டும்; கம்பளியின் கனம் மட்டுமே கால் அங்குலத்தை விழுங்கிவிடும். பிறகு எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியை உயர்த்தித் தோளில் வையுங்கள். தலை துப்பாக்கியைத் தேடிப் போகலாகாது. துப்பாக்கிதான் முகத்தை நாடி வரவேண்டும். கன்னம் கட்டையின் மேல்விளிம்பில் படிந்தபின் மூக்கின் நுனிக்கும், கைப்பிடியைப் பற்றியிருக்கும் கையின் கட்டைவிரல் முட்டிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மற்றொருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அது இரண்டு விரற்கடை முதல் மூன்று விரற்கடை வரையில் இருந்தால் அளவு ஏற்றதே. ஒரு விரற்கடையும் இல்லையென்றால் கட்டை குட்டை. வெடித்தவுடன் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், விசைக்காப்பு நடுவிரலைப் பதம் பார்க்கும். நான்கு விரற்கடைக்கு மேல் இருந்தால் கட்டை நீளம்.

நீளத்தை வேறோர் அடையாளத்தாலும் அறியலாம். துப்பாக்கியை உயர்த்தும்போது அடிப்பாகத்தின் கீழ்முனை அக்குளில் சிக்கிக்கொள்ளும். சிக்காமலிருக்க வேண்டி, மனிதன் தன்னையறியாமல் துப்பாக்கியை முதலில் முன்னே தள்ளி, பிறகு பின்னுக்கு இழுத்துத் தோளில் வைப்பான். அல்லது இடுப்பைப் பின்னுக்கு வளைத்து நிமிர்ந்து நிற்பான். வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு பின்சாய்ந்து நிற்பவரைக் கண்டால், அவர் கையிலிருப்பது நீளமான கட்டையென்றோ கனமான துப்பாக்கியென்றோ அறிந்துகொள்ளலாம். இச்சோதனையைப் பத்து முறை செய்து பாருங்கள். கடைசி மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குழல் நுனியிலுள்ள குறிமணி, குழலின் மேல்தடத்தின் நடுவே நேராகத் தெரிய வேண்டும். இருட்டில் விழித்தெழுந்தவர் செய்யப்போவதும் ஏறக்குறைய இதுவேயாதலால், பகலில் கண்ணைத் திறந்துகொண்டு நிதானமாகச் செய்யும் சோதனையைக்காட்டிலும் இதற்கு மதிப்பு அதிகம். சிலர், எதிரே ஒருவரை நிறுத்தி அவரைக் குழல்வாய்க்குள் நோக்கச் செய்து கண்ணின் இருப்பிடத்தைச் சரிபார்க்கின்றனர். காலியான துப்பாக்கியானாலும் இதைச் செய்யலாகாது. நிலைக்கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தால் அவரவர் கண்ணை அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

நீளம் தவறினால் நேர்வது என்ன?

நம்மூரில் காவலுக்கென்று உரிமம் பெறும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 12 போர் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எவ்வளவு விட்டமுடையதோ அவ்வளவு விட்டமுள்ள குழல் என்பது இதன் பொருள். அது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இதற்குரிய சாதாரணத் தோட்டா ஒன்றில் சுமார் 32 கிராம் ஈயரவை இருக்கும். அது வினாடிக்கு 365 மீட்டர் வேகத்தை ஒட்டி வெளிப்படுகிறது. ரவை முன்னே போகும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வரவேண்டும் என்பது இயற்கை விதி. துப்பாக்கியின் எடை 3.2 கிலோவானால் அது வினாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் பின்வாங்குகிறது. அதாவது, அத்துப்பாக்கியே மூன்றடி உயரத்திலிருந்து விழுந்து தோளில் மோதினால் எவ்வளவோ, அவ்வளவு. இலேசான ஒற்றைக்குழல் துப்பாக்கியானால் உதைப்பு இன்னும் அதிகம். "எடை குறைந்தது, பெண்பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று கடைக்காரர் சொல்லும்போது இதனை நினைவில் கொள்க.

இந்த அடி தோளின் குழிவான சதைப்பற்றில் அகலமாகப் பரவி இறங்கினால், திடகாத்திரமில்லாதவரும் தாங்கிக்கொள்வார். கட்டை நீளமாயிருந்தால் அடிப்பாகம் தோட்குழிக்குள் வராமல் புஜத்தின் எலும்பின்மேல் நிற்கும். அப்போது அதே அடி, ஒரு முனையில் குவிந்து எலும்பில் விழுகிறது. முதல் வெடியில் தோள் கன்றிப்போகும். அந்த வலியைவிடப் பெரிய கெடுதல் அடுத்த வெடியில்தான் இருக்கிறது. ஒரு முறை அடிபட்டவர் அடுத்த முறை விசையை அழுத்துமுன் கண்ணை மூடிக்கொள்வார், தோளைச் சுருக்குவார், விசையை மெல்ல அழுத்தாமல் வெடுக்கென்று இழுப்பார். குழல் நுனி எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது.

"இரவைத் துப்பாக்கிதானே, ரவை விரிந்து போகும், குறி பார்க்க வேண்டுவதில்லை" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. இந்த எண்ணம் வீட்டுக்குள் பேராபத்தானது. நுனி குறுகாத குழலிலிருந்து புறப்படும் ரவை, ஒரு கெஜ தூரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் விரிகிறது என்பது உத்தேசக் கணக்கு. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை ஐந்து கெஜமானால், அங்கே விரிவு ஒரு சாணுக்கும் குறைவே. அத்தனையும் ஒரே கொத்தாகப் போய் விழும். விழும் இடம் தவறினால் பெருரவை மரக்கதவையும் மெல்லிய தடுப்புச் சுவரையும் ஊடுருவிச் சென்று அப்பால் படுத்திருப்பவரைச் சேரும். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிய நம் தெருக்களில் அப்பால் படுத்திருப்பவர் சொந்தக் குழந்தையாயிருக்கலாம், அண்டைவீட்டாராயிருக்கலாம். தற்காப்புரிமையைப் பற்றிய விதிகள் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அடங்கியிருக்கின்றன. அவை ஆபத்து விளைவிக்க வந்தவனைத் தடுக்கும் உரிமையைச் சொல்லுகின்றனவேயன்றி, குறி தவறியதற்குச் சலுகை தருவன அல்ல.

குறி எவ்வாறு தவறுகிறது என்பதையும் சற்று விளக்க வேண்டும். ரவைத் துப்பாக்கியில் பொதுவாக நுனியில் ஒரு மணி மட்டுமே உண்டு, பின்குறி இல்லை. சுடுபவருடைய கண்தான் பின்குறி. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிந்தால்தான் பின்குறி ஓரிடத்தில் நிற்கும். கண்ணுக்கும் நுனிமணிக்கும் இடையே ஒரு கெஜம் இருக்கிறதென்று கொள்வோம். கட்டை பொருந்தாமையால் கண் கால் அங்குலம் விலகினால், 15 கெஜத்துக்கப்பால் ரவைக்கொத்து ஏறக்குறைய நான்கு அங்குலம் விலகிப் போய் விழும். கூடத்தில் இது சிறிய பிழை. களத்துமேட்டிலும் தோட்டத்திலும் பெரிய பிழை. நீளம் தவறிய கட்டையில் கண் கால் அங்குலத்தோடு நின்றுவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. நீளமும் குட்டையும் சமமான குற்றங்கள் அல்ல. அரை அங்குலம் குட்டையான கட்டையோடு பழக்கத்தினால் ஒருவாறு சமாளிக்கலாம். அரை அங்குலம் நீளமான கட்டை அவசர வேளையில் தோளுக்கே வந்து சேராது. சந்தேகம் வந்தால் குட்டையின் பக்கமே சாய வேண்டும். ஓடும் முயலையும் பறக்கும் புறாவையும் சுடுபவருக்கென்று எழுதப்பட்ட பழைய நூல்கள், சிரமமின்றித் தோளில் வைக்கக்கூடிய மட்டும் நீளமான கட்டையை விரும்பின. அவர்கள் பகலில், நின்று நிதானித்து, பக்கவாட்டில் திரும்பி நின்று சுட்டவர்கள். நம் காரியம் அதுவன்று. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டையும் இல்லை.

அமெரிக்க நாட்டு அநுபவம்

வீட்டுக் காவலுக்கு ரவைத் துப்பாக்கியை அதிகமாக உபயோகிக்கும் தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே 1950-இல் வெளிவந்த ரெமிங்டன் 870 என்பதும், பின்னர் வந்த மாஸ்பெர்க் 500 என்பதும் பெயர்பெற்றவை. இவை முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகையைச் சேர்ந்தவை. பம்பு துப்பாக்கி என்பர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இவற்றின் கட்டை நீளம் 14 அங்குலத்தை ஒட்டியிருக்கும். இவ்வகையில் நீளத்தின் தொந்தரவு இரட்டிப்பாகிறது. ஏனெனில், இடது கை வெகுதூரம் முன்னே எட்டி முன்பிடியைப் பற்றுவதோடு, அதை முற்றும் முன்னுக்குத் தள்ளவும் வேண்டும். கட்டை நீளமானால் கை எட்டாமல் பாதியில் நின்றுவிடும். அடுத்த தோட்டா ஏறாது.

அந்நாட்டுப் பயிற்சியாளர்களில் பலர் இப்போது மார்பை நேரே திருப்பி, இரு தோள்களையும் எதிரே காட்டி, சற்று முன்சாய்ந்து நிற்கும் நிலையைக் கற்பிக்கின்றனர். இந்நிலையில் தோள் விசைக்கு நெருங்கி வருவதால், வேட்டைத் துப்பாக்கிக்கு 14 அங்குலம் வேண்டியவருக்கு 13 அங்குலமோ 12½ அங்குலமோ போதுமானதாகிறது. அங்கே பல மாநிலங்களில் ஒரே துப்பாக்கியைக் குடும்பத்திலுள்ள பெரியவர் பலரும் எடுக்க நேரிடுவதால், வீட்டில் எல்லோரினும் குட்டையானவருக்குப் பொருந்துமாறு கட்டையை அமைக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றனர். உயரமானவர் குட்டைக் கட்டையைச் சமாளிப்பார், குட்டையானவர் நீளக் கட்டையைச் சமாளிக்க மாட்டார் என்பது அவர்கள் கூறும் நியாயம். இடையில் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் 12½ முதல் 14½ அங்குலம் வரையில் மாற்றிக்கொள்ளத்தக்க நெகிழிக் கட்டைகளும் அங்கே விற்பனையாகின்றன.

நம் நாட்டு நிலைமை வேறு. உரிமத்தில் பெயரில்லாத மனைவியோ மகனோ அத்துப்பாக்கியை எடுத்து உபயோகிக்க ஆயுதச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. ஆகவே தனிவீட்டில், உரிமதாரர் ஒருவருடைய உடம்பை மட்டுமே பார்த்துக் கட்டையை அமைத்தால் போதும். இது ஒருவகையில் நமக்கு வசதியே. ஆனால் ஸ்தாபனத்தின் பெயரில் துப்பாக்கி இருந்து, அதைக் கையாள அநுமதி பெற்ற காவலர்கள் மாறிவரும் இடங்களில் அமெரிக்கர் சொல்லும் நியாயம் அப்படியே பொருந்தும். நகைக்கடன் வழங்கும் வங்கிகளின் வாயிலில், பகற்காவலர் ஆறடியும் இராக்காவலர் ஐந்தேகால் அடியும் இருக்க, இருவரும் ஒரே துப்பாக்கியை முறைமாற்றி வைத்துக்கொண்டு நிற்பதுண்டு. கட்டை இராக்காவலருக்குப் பொருந்த வேண்டும். பகற்காவலருக்கு, அடியில் மாட்டிக் கழற்றத்தக்க ரப்பர் உறை ஒன்று வாங்கிக் கொடுத்தால் முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ கூடிவிடும். நீட்டுவது எளிது, குறைப்பது அரிது.

உத்தேச அளவுகள்

ஐந்தடி உயரமுள்ளவர் 12½ முதல் 13 அங்குலத்திலும், ஐந்தரை அடி உயரமுள்ளவர் 13½ அங்குலத்திலும், ஐந்தே முக்கால் அடிக்கு மேற்பட்டவர் 14 அங்குலத்திலும் சோதனையைத் தொடங்கலாம். இவை தொடங்குமிடங்களேயன்றி முடிவான அளவுகள் அல்ல. முடிவைச் சொல்லவேண்டியது மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இடையேயுள்ள இடைவெளியும், கண்ணை மூடிச் செய்யும் சோதனையும் ஆகும். உரிமம் பெறுவதற்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிடும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகும்போது, அங்கேயுள்ள பயிற்றுநரிடம் தோளில் வைத்துக் காட்டி அபிப்பிராயம் கேட்பது நலம். வெட்கப்பட வேண்டுவதில்லை. பிறர் துப்பாக்கி பொருந்தவில்லை என்பது சுடத் தெரியாமைக்கு அடையாளமன்று.

குறைக்கும் வேலை

கட்டையைக் குறைக்க உத்தேசித்தால், முதலில் குழலையும் கட்டையையும் ஒன்றென எண்ணலாகாது. குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவினால் தடுக்கப்பட்டிருக்கிறது. காவலுக்கென்று உரிமம் பெறும் வழுவழுப்பான குழலையுடைய துப்பாக்கியைப் பற்றி அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்லும்போதும், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றே சொல்லுகிறது. கட்டையின் அடியை உடம்புக்கேற்றவாறு அமைத்துக்கொள்வது வேறு காரியம். ஆயினும் துப்பாக்கியில் பழுதுபார்க்கும் வேலை எதுவாயினும் அதற்கு உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்பது 5-ஆவது பிரிவு. நம்மூர் ஆசாரி கைத்திறனில் யாருக்கும் குறைந்தவரல்லர். கட்டையை அவர் அழகாகவே அறுத்துவிடுவார். ஆனால் துப்பாக்கியை அவர் பட்டறையில் விட்டுவிட்டு வருவது அவரையும் உரிமதாரரையும் சேர்த்து வழக்கில் மாட்டும். உரிமதாரரே உரிமப் புத்தகத்தோடு எடுத்துச் சென்று, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் கொடுத்து இரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

அங்கே கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை சில. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகும், ஒரே தடவையில் அவ்வளவையும் அறுக்கச் சொல்லலாகாது. கால் அங்குலம் விட்டு அறுத்து, தோளில் வைத்துப் பார்த்து, பிறகு மிச்சத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். அடியில் ரப்பர் மெத்தை வைக்க உத்தேசமானால் அதன் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உதைப்புக்குப் பயந்து ஓர் அங்குல மெத்தையை வாங்கி, கட்டையைக் குறைக்காமலே அதன்மேல் ஒட்டிவிட்டு, முன்னினும் அதிகமாக அடிபடுகிறவர்கள் பலர். மெத்தை நல்லதே, மரத்தில் அந்த ஓர் அங்குலத்தை எடுத்துவிட்டு வைத்தால் நல்லது. அறுக்கும் கோணம் பழைய அடியின் சாய்வை ஒட்டியிருக்க வேண்டும்; சாய்வு மாறினால் கீழ்முனை மார்பில் குத்தும், அல்லது வெடிக்கும்போது அடிப்பாகம் தோளிலிருந்து வழுக்கும். ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றிலும் பம்பு துப்பாக்கியிலும், கட்டையை இரும்போடு பிணைக்கும் நீண்ட திருகாணி ஒன்று கட்டையின் உள்ளே ஓடுகிறது. அறுப்பவர் அதன் துவாரம் எங்கே முடிகிறதென்று பார்த்த பிறகே அறுக்க வேண்டும். கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். அதை வெட்டிய முகத்துக்கு உடனே எண்ணெயோ வார்னிஷோ பூசாவிட்டால் நம் மழைக்காலத்து ஈரம் ஏறி, திருகாணிகள் தளர்ந்துவிடும்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்போருக்கு ஒன்று மாத்திரம் சொல்லலாம். சட்டம் அதைப் பயிர்ப்பாதுகாப்புக்கென்று தனியே குறிப்பிட்டிருக்கிறது. வீட்டுக் காவலுக்கு அது தக்கதன்று. அதன் கட்டையை அறுத்துத் திருத்துவதில் செலவிடும் பணம் வீணே.

அறுத்தெடுத்த மரத்துண்டை எறிந்துவிடாமல், அதன்மேல் பழைய நீளத்தையும் அறுத்த தேதியையும் பென்சிலால் எழுதி, உரிமப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரிசு உயரமானவராயிருந்தால் அதே மரத்தை, அதே நிறத்தோடும் வரியோடும், மறுபடி பொருத்திவிடலாம். தேர்தல் காலத்தில் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போது, அடித்தகட்டின் இரண்டு திருகாணிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் உள்ள இடைவெளியையும் ஒரு முறை அளந்து பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் துப்பாக்கி மாறாவிட்டாலும் உடம்பு மாறியிருக்கும்.